அன்று நீ வந்து சொன்னாய்

சேவியர் கண்ணு, இந்தக் கடிதத்தை அமலி பக்கத்தில் இருக்கும்போது பிரி. தனியாக இருந்தால் மடித்துப் பையில் வைத்துக்கொள், அவள் டூட்டி முடிந்து வந்ததும் எடு. நீ ஒரே மூச்சில் படிக்க மாட்டாய் என்று தெரியும். அதில் எனக்கு இப்போது ஒரு கோபமும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருக்கிறேன். எழுந்து போகத் தோன்றினால் போ, தண்ணீர் குடி, வாசலில் நின்றுவிட்டு வா, விட்ட இடத்திலிருந்து படி. ஃபோனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை முயன்றேன். உன் குரலைக் கேட்டதும் "சாப்ட்டியா" என்பதற்குமேல் வாய் வரவில்லை. சத்துணவு மையத்தின் பதிவேடுகளை இத்தனை வருஷம் எழுதியவள் நான், எழுதத்தான் எனக்கு வரும்.

போன வாரம் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் நடந்ததை நீயே எனக்குச் சொன்னாய். குழந்தையைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உத்திரமேரூர் பஸ் எப்போது என்று கேட்கப் போனாய். அங்கே இரண்டு டிரைவர்கள் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், நின்று பார்த்தாய், பஸ் நகர்ந்தது, ஓடி ஏறிவிட்டாய். பாலாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் கண்டக்டர் வந்தபோதுதான் விஷயமே தெரிந்திருக்கிறது. "யம்மா, ஒண்ணரை டிக்கெட்டுன்னு என் வாயால கேட்டேம்மா. அப்பாலதான் மடியப் பாத்தேன். புள்ள இல்ல" என்று சொல்லி நீ அழுதாய். எதிரே வந்த ஷேர் ஆட்டோவில் திரும்பிப் போனபோது பூக்காரம்மா ஒருத்தி குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முறுக்கு வாங்கிக் கொடுத்திருந்தாளாம். குழந்தை அழக்கூட இல்லையாம். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் இந்த ஒரு வாரமாக என்னைச் சோறு தின்ன விடவில்லை. "அன்னிக்கு அக்கா சொன்னத உன்னாண்ட வந்து சொல்லாம மறந்தவன்தானம்மா நானு. அக்காவ முழுங்கினேன். இப்ப புள்ளய. நான் ஒரு வூட்ல இருக்கத் தகுதியில்லாதவம்மா" என்றாய். நான் ஃபோனை வைத்துவிட்டேன். குழந்தையை விட்டுவிட்டு வந்ததற்காக நான் கோபித்துக்கொண்டதாக நீ எண்ணியிருக்கலாம். அது இல்லை, கண்ணு.

நீ சின்னப் பிள்ளையில் எப்படி இருந்தாய் என்பதை முதலில் சொல்கிறேன். உப்பு வாங்கி வா என்று அனுப்பினால் கடைக்குப் போய்விடுவாய், என்ன வாங்க வந்தோம் என்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பாய். சைக்கிளில் உத்திரமேரூருக்குப் போய்விட்டு நடந்து வருவாய், சைக்கிள் அங்கேயே பூட்டியிருக்கும். பாடம் சொல்லிக்கொடுத்தால் உன் கண் என்மேல் இருக்கும், நீ இருக்க மாட்டாய். ஆனால் உடைந்த ரேடியோவைக் கையில் கொடுத்தால் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து பாட வைத்துவிடுவாய். அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். இதற்கு மட்டும் புத்தி வேலை செய்கிறதே, வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைப்பேன். மையத்தின் சாவியை நீ தொலைத்த அன்று கரண்டியைக் காய்ச்சி உன் கணுக்காலில் இழுத்தேன். அந்தத் தழும்பை அமலி என்னிடம் கேட்டபோது சைக்கிள் செயினில் மாட்டிக்கொண்டான் என்றேன். இது ஒரு வியாதி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் சூடு போட்டால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும் அல்லவா?

உன் அக்கா ஸ்டெல்லா வேறு மாதிரி. சொன்னதைச் செய்வாள், சொல்லாததையும் செய்வாள். அவள் எட்டாவது படிக்கும்போது ஏரியில் குளித்துவிட்டுக் கரையேறும்போது மயங்கி விழுந்தாள். இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிட்டாள். அடுத்த வருஷம் பஸ் பிடிக்க ஓடியபோது இன்னொரு தடவை. கையில் இரும்புச் சாவியைக் கொடுத்துத் தண்ணீர் தெளித்து எழுப்பினோம். உங்கப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். "வலிப்புன்னு பேர் வந்துட்டா எவன் கட்டுவான்?" என்று கேட்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை உங்கப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. சின்னப் பெண்ணாக இருந்தபோது நானும் அப்படி விழுந்திருக்கிறேன். நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது ஒரு தடவை, மாடு துரத்தியபோது ஒரு தடவை. என் அம்மா என் வாயைப் பொத்தி வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். எனக்கு வயது ஏற ஏற அது நின்றுபோனது. என் மகளுக்கும் நின்றுபோகும் என்று நம்பினேன். யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன்.

இனி அந்த நாள். நீ ஐந்தாவது, அவள் ஒன்பதாவது. ஏரிக்கு அந்தப் பக்கம் உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் விளையாட்டுப் போட்டி. இந்தப் பக்கம் உன் பள்ளிக்கூடத்துச் சமையல்கூடத்தில் நான். அன்று சமையல்கார அம்மா லீவு, பி.டி.ஓ. ஆபீசிலிருந்து ஆள் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று தகவல். நான் ஒருத்தியாகச் சாம்பார் அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் வகுப்புக்கு அன்று போட்டி பார்க்க விட்டிருந்தார்கள். பதினொரு மணி இருக்கும், நீ வந்து வாசற்படியில் நின்றாய். சட்டையெல்லாம் வியர்வை.

"யம்மா, அக்காக்கு ஒரு மாதிரி கீதாம். காலைலேருந்து கண்ணு இருட்டிக்கினு வருதாம். ஓட வாணாமான்னு உன்னாண்ட கேட்டுக்கினு வரச் சொல்லிச்சி" என்றாய்.

ஆமாம் கண்ணு. நீ வந்தாய். நீ சொன்னாய். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாய். வழியில் எதையும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, எதையும் மறக்கவில்லை. நான்தான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒண்ணும் இல்ல, ஓடச் சொல்லு. நடுவுல நின்னா ஊரே இன்னான்னு கேக்கும். அங்க யாராண்டயும் எதுவும் சொல்லக்கூடாதுன்னு சொல்லு, போ" என்றேன். நீ போனாய். போய் அதையும் அவளிடம் அப்படியே சொல்லியிருக்கிறாய். அவள் ஓடினாள். பாதி தூரத்தில் விழுந்தவள் எழவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது யாரோ ஒரு டீச்சர் தன் புடவை முந்தானையால் அவள் முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயந்திரம் வீட்டு முன்னால் ஊர் கூடியிருந்தது. ஹெட்மாஸ்டர் வந்தார். "ஏம்மா, பொண்ணுக்கு முன்னாடியே உடம்பு சரியில்லையா? யார்னா உங்ககிட்ட சொன்னாங்களா?" என்று கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை, மனுஷர் கலங்கிப்போய்த்தான் கேட்டார். ஸ்டெல்லா உன்னை அனுப்பியதை அவளுடைய தோழி ஒருத்தி பார்த்திருந்தாள், அவளும் அங்கே நின்றாள். எல்லார் கண்ணும் என்மேல். உங்கப்பாவும் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. "இவங்கிட்டதான் சொல்லி அனுப்பிக்கீறா. இவன் எங்க வந்து சொன்னான்? எங்கியோ பராக்குப் பாத்துக்கினு நின்னுட்டான்" என்றேன். யாரும் சந்தேகப்படவில்லை. உன்னைத் தெரியாதவர்கள் ஊரில் யார்? ஒருத்தர்கூட உன்னைத் திட்டவில்லை. பாவம் என்று உன் தலையைத் தடவினார்கள். அது திட்டுவதைவிடக் கொடுமை என்று எனக்கு அப்போது புரியவில்லை.

நீ என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "சொன்னேம்மா, நான் வந்து சொன்னேம்மா" என்றாய். உன்னை அறைந்தேன். "எப்படா சொன்ன?" என்றேன். அடக்கம் முடிந்த மறுநாளும் சொன்னாய். அறைந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சலில் படுத்துக்கொண்டு, மெதுவாக, "சொல்லலியாம்மா நானு?" என்று கேட்டாய். நான் அடிக்கவில்லை. "இல்லடா" என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. அந்த வருஷக் கடைசியில், வந்த உறவுக்காரர்களிடம் நீயே, "நான்தான் மறந்துட்டேன்" என்று சொல்வதைச் சமையலறையிலிருந்து கேட்டேன். எதையும் மறந்துவிடுகிற பிள்ளை என்று நாங்களே பேர் வைத்துவிட்டோம், அதனால் நடந்த ஒன்றை நடக்கவில்லை என்று சொன்னாலும் உனக்கு நம்ப முடிந்தது. உங்கப்பா சாகும்வரை உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வருஷா வருஷம் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். பொய் சொன்னேன் சாமி என்பேன். என்ன பொய் என்று சாமியார் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அமலியை நீ கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் உனக்கு ஒரு வழி பிறந்தது. நர்ஸ் வேலை பார்க்கிறவள், நாம் எல்லோரும் மறதி, சோம்பல், திமிர் என்று சொன்னதை அவள் அப்படிப் பார்க்கவில்லை. நீ மூன்றாவது கம்பெனியையும் விட்டு வந்தபோது சென்னைக்குக் கூட்டிப் போனாள். மனநல டாக்டர் உன்னோடு வெகுநேரம் பேசிவிட்டு, இது கவனக் குறைபாடு, சின்ன வயசிலிருந்தே இருந்திருக்கிறது, பெரியவர்களுக்கும் இது இருக்கும், மாத்திரை இருக்கிறது என்றார். கொடுப்பதற்கு முன்னால் ஒரு இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அந்தக் காகிதத்தைப் பார்த்தவர் மாத்திரையை எழுதாமல் இதய டாக்டரிடம் அனுப்பிவிட்டார். அந்த டாக்டரம்மா வீட்டில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். ஸ்டெல்லாவைச் சொன்னோம். என்னையும் படுக்க வைத்து எடுத்தார்கள். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கும். "இதயம் ஒரு தடவ துடிச்சிட்டு அடுத்ததுக்குத் தயாராக எடுத்துக்கிற நேரம் உங்களுக்குக் கொஞ்சம் நீளம்மா. சும்மா இருக்கும்போது ஒண்ணும் தெரியாது. ஓடும்போது, பயப்படும்போது, சில மாத்திரை சாப்பிடும்போது தாளம் தப்பிடும். உங்ககிட்டேருந்துதான் பிள்ளைங்களுக்கு வந்திருக்கு." நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடும்மா, உனக்கின்னா தெரியும்" என்றாய். எனக்குத் தெரியும், கண்ணு. காரணம் தெரியாது, ஆனால் விழுவேன் என்று தெரியும். அன்றும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு டாக்டர்களும் பேசி முடிவெடுத்தார்கள். முதலில் இதயத்துக்கான மாத்திரை, சில மாதம் பொறுத்து எல்லாம் சரியாக இருந்தால் கவனத்துக்கான மாத்திரை, அதுவும் ஆகக் குறைந்த அளவில், ஒவ்வொரு முறையும் இ.சி.ஜி. பார்த்து. கவன மாத்திரை போட்ட அந்த நான்கு மாதத்தை நான் எப்படிச் சொல்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நீ பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாய். நான் பேசினால் முடிக்கும்வரை கேட்டாய். "யம்மா, தலைக்குள்ள எப்பவும் ஒரு சந்தக்கடைச் சத்தம் இருக்கும்மா. அது நின்னுபூட்ச்சி" என்றாய். எனக்குச் சந்தோஷம் இல்லை. பயம்தான் வந்தது. இது இவன் நெஞ்சைத் தின்றுவிடும், ஸ்டெல்லாவைப் போல இவனையும் மண்ணில் பார்ப்பேன் என்று ஒரே நினைப்பு. அப்புறம் ஒருநாள் புதுக் கம்பெனியில் உனக்குத் தலைசுற்றல் வந்தது. ஒரு நாள் முழுக்க மெஷினை மார்பில் கட்டிப் பார்த்துவிட்டு, தாளம் தப்பவில்லை, சாப்பிடாமல் நின்றதால் வந்த சுற்றல் என்று டாக்டரம்மா சொன்னார். நான் நம்பவில்லை.

கல்லறைத் திருநாள் அன்று ஸ்டெல்லாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, சாமந்தி போட்டு, ஜெபம் சொல்லி முடித்ததும் உன் கையை இழுத்து அந்தச் சிமெண்டின்மேல் வைத்தேன். "ஒருவாட்டி நீ மறந்துதான் இவள இங்க வச்சோம். என்னால இன்னொரு குழி வெட்ட முடியாது. அந்தக் கவன மாத்திரையத் தொடமாட்டேன்னு இவமேல சத்தியம் பண்ணு" என்றேன். செய்யாத ஒன்றுக்காகப் பட்ட கடனை அடைப்பதுபோலச் சத்தியம் செய்தாய். ஒரு பொய்யை வைத்து உன்னிடமிருந்து உன் தெளிவைப் பிடுங்கினேன். மூன்று மாதத்தில் அந்த வேலையும் போனது. அதற்குப் பிறகுதான் இந்த பஸ் ஸ்டாண்டு. குழந்தையை அங்கே விட்டுவிட்டு வந்தது நீ என்று நீ சொல்கிறாய். அதில் என் கையும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நான் மட்டும் சென்னைக்குப் போய் அந்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். என் மயக்கங்கள், ஸ்டெல்லாவின் இரண்டு மயக்கங்கள், அன்று நீ வந்து சொன்னது, சத்தியம் வாங்கியது எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "அந்த மாத்திரைய மறுபடி குடுத்தா ஒண்ணுமே ஆகாதான்னு சொல்லுங்க டாக்டர்" என்றேன். "ஆகாதுன்னு என்னால எழுதிக் கொடுக்க முடியாதும்மா. கொடுக்காம விட்டா ஒண்ணும் ஆகாதுன்னும் எழுதிக் கொடுக்க முடியாது. கவனம் இல்லாதவர் இதய மாத்திரையே போட மறந்தா அதுவும் ஆபத்துதான். பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கணும். எது வேணும்னு அவர்தான் சொல்லணும், நீங்க இல்ல" என்றார். நான் சொன்ன மயக்கங்களையும் வைத்துத் திரும்ப யோசிக்க வேண்டும் என்றும் சொன்னார். இத்தனை நாள் நான் மறைத்தது உன் வைத்தியத்தையே அரைகுறையாக்கியிருக்கிறது.

ஆகவே கேள். அந்தச் சத்தியம் செல்லாது. பொய் சொல்லி வாங்கியது சத்தியமே இல்லை. மாத்திரை வேண்டும் என்று நீ முடிவெடுத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். வேண்டாம் என்றாலும் அது உன் முடிவாக இருக்கட்டும், என் பயமாக இருக்க வேண்டாம். ஆனால் நீயாக எடுத்துப் போட்டுக்கொள்ளாதே. இதய மாத்திரையை ஒருநாளும் விடாதே. சளிக்கோ வயிற்றுப்போக்குக்கோ கடையில் கேட்டு எதையும் விழுங்காதே, டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சீட்டை எங்கே போனாலும் காட்டு. குழந்தைக்கும் இ.சி.ஜி. பார்க்க வேண்டும் என்கிறார், வருகிற வியாழக்கிழமை அமலியோடு அழைத்து வா. குழந்தைக்கு அந்தக் கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டில் யாரும் மறைக்கக் கூடாது. நாளைக்கு அவள் பள்ளிக்கூடம் போகும்போது டீச்சரிடம் முதல் நாளே சொல்லுங்கள். கல்யாணப் பேச்சு வந்தால் அங்கேயும் சொல்லுங்கள். கட்டாமல் போகிறவன் போகட்டும்.

ஹெட்மாஸ்டர் ரிடையராகி உத்திரமேரூரில்தான் இருக்கிறார். நேற்று அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஊரில் ஒவ்வொரு வீடாகச் சொல்வேன். உங்கப்பாவிடம் சொல்ல வழியில்லை. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. நீ வராமல் இருந்தாலும், பேசாமல் இருந்தாலும் நியாயம்தான். வியாழக்கிழமை நான் ஆஸ்பத்திரி வாசலில் இருப்பேன், என்னைக் கண்டும் காணாமல் உள்ளே போனால்கூடப் போதும்.

இதைப் படிக்கும்போது நீ தனியாக இருக்கக் கூடாது என்பதால் இன்று காலையில் அமலிக்கு ஃபோன் போட்டு முதலில் அவளிடம் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "அத்தை, அந்த மைதானத்துலேருந்து உங்க பள்ளிக்கூடம் எவ்ளோ தூரம்?" என்று கேட்டாள். ஏரிக்கரை முழு நீளமும் என்றேன். "நடந்தா வந்தாரு?"

"இல்லம்மா. வரும்போதும் போம்போதும் ஓடினான்" என்றேன்.

"அந்த நெஞ்ச வச்சிக்கினா?" என்றாள் அவள்.

உன் அம்மா